பள்ளிக்கு யார் போட்ட மார்க்?

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்கள் ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களைத்தான் முதலில் திறக்கிறார்கள். விலை, படுக்கையறைகள், சமையலறைப் படங்கள் என்று இறங்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பள்ளிகளின் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க். நம்மவர்கள் பலர் நேராக அந்த இடத்துக்குப் போய்விட்டு, மார்க் பிடித்திருந்தால்தான் மேலே ஏறி விலையைப் பார்க்கிறார்கள். ஏழு என்றால் யோசனை. ஐந்து என்றால் அடுத்த வீடு. ஒன்பதோ பத்தோ வந்துவிட்டால், சமையலறை இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கடன் கிடைக்குமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ, எடிசன், ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, நேப்பர்வில். இந்த ஊர்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்ததற்கு வேலை ஒரு காரணம் என்றால், அந்த மார்க் இன்னொரு காரணம். அங்கே அரசுப் பள்ளியில் சேர பெரும்பாலான ஊர்களில் நுழைவுத் தேர்வு இல்லை, நன்கொடை இல்லை, சிபாரிசும் செல்லாது. வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் பிள்ளையின் பள்ளி. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதும் அங்கே ஒரே வேலை. முப்பது வருடத் தவணையோடு சேர்த்து.

இந்த ஆசைக்கு என்ன விலை என்று 1999-லேயே கணக்குப் பார்த்தவர் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர். மாசசூசெட்ஸ் புறநகர்களில், பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வீடுகளை எடுத்துக்கொண்டார். அதே ஊர், அதே மாதிரித் தெரு. வேறுபாடு பள்ளி மட்டும்தான். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் பெற்றோர்கள் சுமார் இரண்டரை சதவீதம் அதிகம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்போது வீடு தேடும் தளங்களில் பள்ளி மார்க் வந்திருக்கவில்லை. வந்த பிறகு நடந்ததை ஷரீக் ஹசன், அனுஜ் குமார் என்ற இரு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தத் தளங்களில் வரும் கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பின் மார்க் ஒவ்வொரு பகுதியாகப் பரவப் பரவ, வசதியான குடும்பங்கள் உயர்ந்த மார்க் உள்ள இடங்களுக்கு நகர்ந்தன, அங்கே வீட்டு விலை ஏறியது, மற்றவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். மார்க் ஊரை அளந்தது. அதோடு நிற்காமல் ஊரை மாற்றவும் செய்தது.

இப்படிப் பள்ளிகளுக்கு மார்க்கும் ரேங்கும் போடுகிறவர்கள் யார், எதைப் பார்த்துப் போடுகிறார்கள்?

ஒரு நிருபரின் வகுத்தல் கணக்கு

உயர்நிலைப் பள்ளிகளை நாடு முழுக்க வரிசைப்படுத்தும் மோகத்தைத் தொடங்கிவைத்தவர் கல்வி அதிகாரி அல்ல, ஒரு பத்திரிகையாளர். வாஷிங்டன் போஸ்ட்டின் ஜே மேத்யூஸ். எண்பதுகளில் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் நிருபராக இருந்தபோது கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்ட் என்ற பள்ளியின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே ஹைமே எஸ்கலாந்தே என்ற பொலிவியா நாட்டு ஆசிரியர், கால்குலஸ் சொல்லிக்கொடுத்து, ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பினார். 1982-ல் 18 பேர் தேறினார்கள். இந்தப் பள்ளியிலிருந்து இத்தனை பேரா என்று தேர்வு நடத்திய நிறுவனத்துக்குச் சந்தேகம். 14 பேர் மீது காப்பியடித்ததாக ஐயம் எழுந்தது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். 1988-ல் இது 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்று திரைப்படமாகவும் வந்தது.

மேத்யூஸ் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நியாயமானது. வசதியான ஊர்ப் பள்ளிகளிலேயே நடுத்தர மாணவர்களை ஏ.பி. வகுப்பு வாசலில் நிறுத்தி, 'இது உனக்கு ஒத்துவராது' என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இருந்தது. கதவைத் திறந்துவைக்கும் பள்ளிகளைப் பாராட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். 1998-ல் நியூஸ்வீக் இதழில் பட்டியல் வந்தது. அதற்கு அவர் வைத்த சூத்திரத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பள்ளியில் அந்த ஆண்டு எழுதப்பட்ட ஏ.பி. தேர்வுகள், அதே வகையைச் சேர்ந்த ஐ.பி. தேர்வுகள் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையை, அந்த ஆண்டு படிப்பை முடிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தேர்வில் தேறினார்களா? சூத்திரத்துக்கு அது தேவையில்லை. எழுதினால் போதும். எழுதியவர்களில் பாதிப் பேர் தோற்றாலும் பள்ளி மேலே போகலாம். மேத்யூஸ் இதைத் தெரிந்தேதான் செய்தார். தேர்ச்சியை எண்ண ஆரம்பித்தால் பள்ளிகள் மறுபடி சுமார் மாணவர்களை வாசலில் நிறுத்திவிடும் என்பது அவர் வாதம். மாணவர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும் உச்சிப் பள்ளிகள் சிலவற்றைப் பட்டியலிலிருந்தே விலக்கியும் வைத்தார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் பத்திரிகை அதற்கு வைத்த பெயர் 'அமெரிக்காவின் மிகச் சிறந்த உயர்நிலைப் பள்ளிகள்' என்பது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்த கருவியை, உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான சான்றிதழாக வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுத் தரகர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

2007-ல் யு.எஸ். நியூஸ் இதழ் தன் பட்டியலோடு களமிறங்கியது. இன்று பெற்றோர்கள் ரேங்க் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 2019-ல் கணக்கு முறையை மாற்றிக்கொண்டு, ஏறக்குறைய 18,000 அரசுப் பள்ளிகளை வரிசையில் நிறுத்துகிறது. நூற்றில் 40 பங்கு ஏ.பி., ஐ.பி. சம்பந்தப்பட்டது. 20 பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண். இன்னொரு 20 பங்கு, மாணவர்களின் குடும்பச் சூழலை வைத்துப் பார்த்தால் இந்தப் பள்ளி எவ்வளவு எடுத்திருக்க வேண்டும், எவ்வளவு எடுத்திருக்கிறது என்ற ஒப்பீடு. 10 பங்கு, பின்தங்கிய மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது. மிச்சம் 10, படிப்பை முடித்து வெளியேறும் விகிதம்.

மேத்யூஸின் வகுத்தலைவிட இது பல மடங்கு யோசித்துச் செய்த கணக்குதான். ஆனால் 18,000 பள்ளிகள் நிற்கும் வரிசையில் 400-வது இடமும் 500-வது இடமும் முதல் 3 சதவீதத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அந்த நூறு இடங்களுக்காக மனைவியின் வேலையை மாற்றி வேறு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போதாததற்குக் கணக்கு பழசு. 2024-ல் வந்த பட்டியல் 2021-22 கல்வியாண்டின் தகவலில் நிற்கிறது. அதில் எண்ணப்பட்ட பிள்ளைகள் பட்டியல் வருவதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் மகளுக்காக வீடு வாங்கும் அப்பா, அவள் அந்தப் பள்ளியை முடிக்க இன்னும் எத்தனை ஆண்டு என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

வந்தவர்களா, வளர்த்தவர்களா

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. யு.எஸ். நியூஸ் பட்டியலில் பலமுறை முதலிடம். வாஷிங்டன் வட்டாரத் தமிழர்களிடம் 'டி.ஜே.' என்று சொன்னால் போதும், மேலே விளக்க வேண்டாம். 2020 வரை அதில் சேர கடுமையான நுழைவுத் தேர்வு இருந்தது. அதற்குப் பயிற்சி கொடுக்கவென்றே தனி மையங்கள் முளைத்திருந்தன. நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டதும், ஆசிய வம்சாவளி மாணவர்களின் சேர்க்கை 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக இறங்கியதும், பெற்றோர்கள் வழக்குப் போட்டதும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்ததும் தனிக் கதை. இங்கே நமக்குக் கேள்வி வேறு. ஒரு வட்டாரத்தின் கணக்குப் புலிகள் அத்தனை பேரையும் தேர்வு வைத்துச் சலித்தெடுத்த பள்ளி, நாலு வருடம் கழித்துத் தேர்வில் முதலிடம் வந்தால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? சீரகச் சம்பாவைப் போட்டால் எந்தப் பானையில் வடித்தாலும் மணக்கத்தான் செய்யும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், பின்னாளில், 2021-ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோஷுவா ஆங்ரிஸ்ட். அவரும் சகாக்களும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாஸ்டன் லத்தீன், ஸ்டைவசண்ட், பிராங்க்ஸ் சயன்ஸ் போன்றவை. கட்-ஆஃபுக்கு ஓரிரு புள்ளி மேலே இருந்து சேர்ந்துவிட்ட பிள்ளைகளையும், ஓரிரு புள்ளி கீழே இருந்து நழுவவிட்டு வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். திறமையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பெரிய பள்ளி எதையாவது கூட்டிக்கொடுத்தால் பின்னால் வரும் தேர்வுகளில் இடைவெளி தெரிய வேண்டும். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு ஆய்வாளர்கள் வைத்த தலைப்பு 'மேட்டிமை மாயை'. கோட்டுக்கு வெகு மேலே நிற்கும் மேதைப் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகள் கோட்டின் பக்கத்தில் நிற்பவர்கள்தானே?

பெற்றோர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கும் முறை இருக்கிறது. அந்த வரிசைகளை ஆராய்ந்து 2020-ல் வந்த இன்னோர் ஆய்வு, பெற்றோர்கள் தேடுவது நன்றாகப் படிக்கும் சக மாணவர்களைத்தான் என்கிறது. பள்ளி சொல்லிக்கொடுப்பதில் எவ்வளவு கெட்டி என்பது, சக மாணவர்களின் தரத்தைக் கழித்துப் பார்த்தால், அவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் தடயமே விடவில்லை. சேர்க்கை முக்கியம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் அமெரிக்க வடிவம். அதுவும் ஒரு நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு 'சிறந்த பள்ளி' என்று பெயர் வைக்கும்போதுதான் கணக்கு குழம்புகிறது.

அப்படியானால் பள்ளி என்ன செய்கிறது என்பதை எதில் பார்ப்பது? ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுக்க மாநிலத் தேர்வு மதிப்பெண்களைத் திரட்டி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். சராசரி மதிப்பெண், குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஒட்டுறவு மிகவும் தளர்ந்துவிடுகிறது. அவர் எடுத்துக்காட்டிய ஊர் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. சிகாகோ. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த, செய்திகளில் எப்போதும் திட்டு வாங்கும் அரசுப் பள்ளிகள். மூன்றாம் வகுப்பில் தேசிய சராசரிக்குக் கீழே இருக்கும் அந்தப் பிள்ளைகள், எட்டாம் வகுப்புக்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான முன்னேற்றத்தைக் காட்டியிருந்தார்கள். வீட்டுத் தளத்தில் இந்தப் பள்ளிகளின் மார்க்கைப் பார்த்துப் பக்கத்தை மூடியவர்கள் எத்தனை பேரோ. கிரேட்ஸ்கூல்ஸும் இந்த விமர்சனத்தைக் காதில் போட்டுக்கொண்டு, 2020-ல் முன்னேற்றத்துக்குக் கூடுதல் எடை கொடுத்தது. ஒரே இரவில் பள்ளிகளின் மார்க் மாறியது. அந்த இரவில் எந்த ஆசிரியரும் மாறவில்லை.

எண்ணைத் துரத்தும்போது

வாஷிங்டன் நகரின் பாலூ உயர்நிலைப் பள்ளி 2017-ல் நாடறிந்த செய்தியானது. ஏழ்மையான பகுதி. அந்த ஆண்டு பட்டம் பெற்ற அத்தனை பேருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று வானொலியும் பத்திரிகைகளும் கொண்டாடின. சில மாதம் கழித்து, என்.பி.ஆர்., டபிள்யூ.ஏ.எம்.யூ. வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். பட்டம் பெற்றவர்களில் பாதிப் பேர் அந்த ஆண்டு மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கே வந்திருக்கவில்லை. விசாரணை நகரம் முழுக்க விரிந்தபோது, அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் விதிகளை மீறித்தான் பட்டம் பெற்றிருக்கிறார் என்று தெரியவந்தது. பட்ட விகிதத்தைக் காட்டு என்று மேலிருந்து அழுத்தினார்கள், கீழே இருந்தவர்கள் காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் படித்து வந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி ஃப்ளெக்ஸ் பலகைக்காக, தேறமாட்டான் என்று தோன்றும் பையனுக்கு ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பும் கதை நமக்குப் பழக்கம். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை நாமக்கல் வட்டாரத்துப் பெயரோடு சேர்த்தே சொல்வோம். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டதற்கு இந்த வெறிதான் காரணம். அப்படிப்பட்ட மண்ணில் சலிக்கப்பட்டு, அண்ணா பல்கலைக்கழகம் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள், அங்கே ஒரு ரேங்க் பட்டியலைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி நம்பிவிடுகிறார்கள். நியாயமாக அதைச் சந்தேகப்பட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.

அரிசோனாவின் பேசிஸ் பள்ளிகள் 2018-ல் யு.எஸ். நியூஸ் பட்டியலின் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தன. அங்கே பல ஏ.பி. தேர்வுகளை எழுதினால்தான் பட்டமே. நடுவில் விலகுகிறவர்கள் விலக, கடைசியில் நிற்கும் வகுப்பு சிறியது. விலகியவர்கள் தாமாகவே போனவர்களாக இருக்கலாம். ஆனாலும் பட்டியல் எண்ணுவது நின்றவர்களை மட்டும்தான்.

பட்டியல்களே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறதா? நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். பள்ளி வாரியான தேர்வு முடிவுப் பட்டியலை வேல்ஸ் 2001-ல் நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்ஜெஸ் குழுவினர், நிறுத்திய வேல்ஸில் பள்ளிகளின் செயல்பாடு சரிந்ததைக் கண்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் பள்ளியும் சோம்பிப்போகும். அமெரிக்காவிலும் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் எங்கே கைவிடப்படுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தது பள்ளிவாரிக் கணக்குகள் பொதுவுக்கு வந்த பிறகுதான். கணக்கு வெளியே இருக்கட்டும். அத்தனை கணக்கையும் பிசைந்து ஒரே எண்ணாக உருட்டித் தருவதுதான் கோளாறு.

உச்சியில் என்ன விலை

நியூஜெர்சியில் பிரின்ஸ்டனுக்கு அருகே வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டம். இந்திய, சீனக் குடும்பங்கள் தேடி வந்து குடியேறிய இடம். 2015-ல் அதன் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோர்களுக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேர் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை அவர் நீக்கினார். வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிரிவு பெரும்பாலும் இன வாரியாகவே இருந்தது. படிப்பின் கூர்மையை மழுங்கடிக்கிறார்கள் என்று எதிர்த்தவர்களில் குடியேறிய ஆசியப் பெற்றோர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்வது சுலபம். கையில் படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லாமல் விமானம் ஏறியவர்களுக்கு அது ஒன்றே தெரிந்த வழி என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஒன்று நிச்சயம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்த 40 பேருக்கு எந்த ரேங்க் சூத்திரத்திலும் கட்டம் இல்லை.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரடியான கணக்கு உண்டு. 1997-ல் வந்த மாநிலச் சட்டப்படி, எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் தன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். கூட்டம் தாங்காமல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதை 6 சதவீதமாகக் குறைத்து, 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாக்கிவிட்டது. நாடறிந்த பள்ளியில் நூறாவதாக வரும் பிள்ளை, சாதாரணப் பள்ளியில் பத்தாவதாக வந்திருக்கலாம். ரேங்க் பார்த்து வீடு வாங்கியவர்களுக்கு அந்த ரேங்கே சுவராகிறது. சட்டம் வந்த பிறகு, அதன் பலன் கிடைக்கும் பள்ளிகளைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்த குடும்பங்களும் இருந்தன என்று ஓர் ஆய்வே உண்டு.

என்னைக் கேட்டால், மார்க்கை நான் பத்து பள்ளியை மூன்றாக்க மட்டும் பயன்படுத்துவேன். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒன்றுமில்லை. பிறகு அந்த மாநிலத்தின் பள்ளி அறிக்கை அட்டையைத் திறப்பேன். 2015-ன் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் அதை வெளியிட்டாக வேண்டும். அதில் சராசரியைத் தாண்டிப் போய், மாணவர் முன்னேற்றம் என்ற பகுதியைப் பார்ப்பேன். ஆண்டில் பல நாட்கள் வராமலே இருக்கும் மாணவர்கள் எத்தனை சதவீதம், ஆசிரியர்களில் புதியவர்கள் எத்தனை என்று பார்ப்பேன். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் சொல்கிறது. இந்தப் பள்ளியில் ஓர் ஆலோசகர் தலையில் எத்தனை பேர் என்று நேரில் போய்க் கேட்பேன். கணக்கில் சுமாரான பெண்ணை ஏ.பி. வகுப்பில் சேர விடுவீர்களா, விட்டால் அவள் தடுமாறும்போது யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார் என்றும் கேட்பேன். மேத்யூஸ் 1998-ல் கேட்க நினைத்த கேள்வி அதுதான். முதல்வர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்து வீட்டைப் பிடித்துவிட்டவர்கள் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். வேகமாக வளரும் ஊர்களில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைக்கோடுகளை மாற்றி வரைகிறார்கள். நேற்று வரை பத்து மார்க் பள்ளிக்குள் இருந்த தெரு, அடுத்த ஆகஸ்டில் இன்னும் மார்க்கே வாங்காத புதுப் பள்ளிக்குப் போய்விடலாம். வீட்டுத் தளங்கள் இதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாங்கும் பத்திரத்தில் பள்ளியின் பெயர் எங்கும் இருக்காது.